நாற்பதாவது மாடிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் லண்டன் டூட்டிங்கில் எட்டு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் குரோம்பேட்டை. என் அலுவலகம் இதுவரை க்ராய்டனில் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் 264 பஸ் ஏறினால் உட்கார்ந்தபடியே போய் இறங்கலாம். செப்டம்பரிலிருந்து கம்பெனி லண்டனின் 'சிட்டி' பகுதிக்குள், பிஷப்ஸ்கேட்டில் ஒரு புது டவரின் நாற்பதாவது மாடிக்கு மாறுகிறது. வாரத்தில் நான்கு நாள் கட்டாயம் வர வேண்டும், ஒன்பது மணிக்கு சீட்டில் இருக்க வேண்டும் என்கிறார்கள். மகளுக்கு ஏழு வயது. பள்ளிக் கதவைத் திறப்பதே 8:40-க்குத்தான். மேப்பில் பார்த்தால் பயணம் 41 நிமிடம் என்று காட்டுகிறது. கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. புது அலுவலகத்துக்கு அருகே, ஆல்கேட் பக்கம் வாடகைக்குப் போய்விடலாம் என்கிறார் அவர். மாமியார், வேலையை விட்டுவிடு என்கிறார். தாம்பரம் – பீச் ரயிலில் நசுங்கிப் போய் வந்தவள்தான் நான். ஆனாலும் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. அந்த உயரமும் பயமாக இருக்கிறது. வீட்டை மாற்றுவதா, வேலையை மாற்றுவதா?
– வாசகி, டூட்டிங்

பதில்: லண்டன் போக்குவரத்துத் திட்டமிடல் ஆலோசகர்

இரண்டையும் மாற்ற வேண்டாம் அம்மா. மாற்ற வேண்டியது அந்த ஒன்பது மணியை. அதற்கு முன்னால் உங்கள் மேப் சொல்லும் 41 நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உங்கள் வீட்டுச் சண்டைக்கே அந்த எண்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேப்புக்குத் தெரு தெரியும், ரயில் தெரியும். கட்டடத்துக்குள் நடப்பது எதுவும் தெரியாது. டவரின் வாசலில் கொண்டுபோய் விட்டதும் அதன் வேலை முடிந்தது. உங்கள் நாற்காலியோ அங்கிருந்து நூற்றைம்பது மீட்டருக்கு மேல், வானத்தில் இருக்கிறது.

சொன்னால் சிரிப்பீர்கள், இதே தொழிலில் இருக்கும் நானே இதில் ஏமாந்தவன். சிட்டியில் ஒரு உயரமான கட்டடத்துக்கு எங்கள் அலுவலகம் மாறியபோது, என் பயணம் 47 நிமிடம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தேன். 68 நிமிடம் வந்தது. ரயில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. மிச்ச 21 நிமிடத்தை எஸ்கலேட்டரும் நடைபாதையும் லிஃப்டும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

சரி, உங்கள் காலையை எடுத்துக்கொள்வோம். 8:40-க்குக் கதவு திறந்து, மகள் கையசைத்துவிட்டு உள்ளே போகும்போது 8:48. டூட்டிங் பிராட்வே நிலையம் 8:58. பிளாட்ஃபாரம் 9:02. முதல் ரயிலில் இடம் கிடைத்தால் 9:05. பாங்க் நிலையத்தில் இறங்கும்போது 9:31. படியேறி, எஸ்கலேட்டர் மாறி, வெளிச்சத்துக்கு வரும்போது 9:37. த்ரெட்நீடில் தெரு வழியாக பிஷப்ஸ்கேட் போய் டவர் வாசலைத் தொடும்போது 9:45. கேட்டில் கார்டைக் காட்டி, லிஃப்டுக்குக் காத்திருந்து, ஏறி, உங்கள் தளத்தில் நடந்து, கோட்டைக் கழற்றி மாட்டும்போது 9:55. பள்ளி வாசலிலிருந்து கணக்கிட்டால் 67 நிமிடம். இது நல்ல நாளின் கணக்கு.

ஆகவே, மகளைப் பள்ளியில் விடும் நாளில் ஒன்பது மணி என்பது நடக்காத காரியம். ஆல்கேட்டுக்கே குடிபோனாலும் அங்குள்ள பள்ளிக் கதவும் ஏறக்குறைய இதே நேரத்துக்குத்தான் திறக்கும் என்பதை உங்கள் கணவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிட்டி என்பது லண்டன் முழுவதும் அல்ல. சுமார் ஒரு சதுர மைல் பரப்புள்ள பழைய நகரம். 2021 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் பத்தாயிரம் பேருக்கும் குறைவு, வேலைக்கு வருகிறவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். அதிலும் உயரமான கட்டடங்கள் எல்லா இடத்திலும் முளைக்க முடியாது. செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று 1930-களிலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது. லெடன்ஹால் தெருவில் சீஸ் துருவி போலச் சாய்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சாய்ந்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல, குவிமாடத்துக்கு வழி விட்டுத்தான். அந்தப் பார்வைக் கோடுகளுக்குள் சிக்காத இடமாக மிஞ்சியது பிஷப்ஸ்கேட், லெடன்ஹால் பக்கம். அதனால்தான் டவர்கள் எல்லாம் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. 22 பிஷப்ஸ்கேட் மட்டுமே 62 மாடி, 278 மீட்டர், 12,000 பேர் வரை வந்து போகலாம் என்று திட்டமிட்டுக் கட்டியது. (அதே இடத்தில் முன்பு வேறொரு டவரைத் தொடங்கி, பணம் முடங்கி, 2012-ல் ஏழு மாடிக் கான்கிரீட் தண்டோடு நின்றுபோனது. 'கட்டை' என்றே பல வருடம் கூப்பிட்டோம்.) பக்கத்தில் 8 பிஷப்ஸ்கேட் 50 மாடி. இன்னும் உயரமாக, 74 மாடியில் 1 அண்டர்ஷாஃப்ட் என்ற கட்டடத்துக்கு 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

கட்டடம் வானத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும், நடைபாதை வளராது. பிஷப்ஸ்கேட் ரோமானியர் காலத்து வாசலின் பெயர். தெருவும் பழைய அகலம்தான். நான் அங்கே ஒரு புதன்கிழமை காலை, கையில் சொடுக்கி எண்ணும் கருவியோடு நின்றிருக்கிறேன். 8:45-லிருந்து 9:00 வரை என் கட்டைவிரல் ஓயவில்லை. பஸ் நிறுத்தம், குப்பைத்தொட்டி, கட்டட வேலைக்கு வைத்த தடுப்பு என்று எங்கெல்லாம் பாதை குறுகுகிறதோ அங்கெல்லாம் மக்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். 9:20-க்கு அதே இடத்தில் ஒருவர் நாயோடு நின்று சாவகாசமாகப் போன் பேசிக்கொண்டிருந்தார். இருபது நிமிட வித்தியாசம், அவ்வளவுதான்.

அப்புறம் லிஃப்ட். புது டவர்களில் லிஃப்டுக்குள் போனால் மாடி எண்ணை அழுத்தப் பொத்தானே இருக்காது, முதல் நாள் திகைத்துவிடாதீர்கள். வாசல் கேட்டில் கார்டைத் தொட்டதுமே நீங்கள் எந்த மாடி என்று அதற்குத் தெரிந்துவிடும். 'சி' லிஃப்டுக்குப் போ, 'எஃப்' லிஃப்டுக்குப் போ என்று திரையில் காட்டும். ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றுவதால் நடுவில் நிற்கும் மாடிகள் குறையும். சில கட்டடங்களில் இரண்டு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியே ஓடும். கீழ்ப்பெட்டி ஒற்றைப்படை மாடிக்கு, மேல்பெட்டி இரட்டைப்படை மாடிக்கு என்பதுபோலப் பிரித்திருப்பார்கள். நாற்பதாவது மாடிக்குப் போகும் லிஃப்ட் கீழ் மாடிகள் எதிலும் நிற்காமல் விரைவு ரயில் மாதிரி ஏறிவிடும். காது லேசாக அடைக்கும். எச்சிலை விழுங்கினால் போதும்.

லிஃப்ட் எத்தனை வைக்க வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. காலை நெரிசலில், கட்டடத்தில் வேலை செய்பவர்களில் சுமார் 12 சதவீதம் பேரை ஐந்து நிமிடத்தில் மேலே ஏற்ற முடிய வேண்டும். ஆறாயிரம் பேர் என்றால் ஐந்து நிமிடத்துக்கு 720 பேர். கேட்க நிறையவே தெரியும். ஆனால் வாரம் முழுவதும் பரவி வந்தவர்கள் இப்போது செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளில் கூடுகிறார்கள். கொஞ்சம் பேர் வீட்டிலிருந்து வேலை செய்வார்கள் என்று நினைத்து ஒரே தளத்தில் அதிகம் பேரைச் சேர்த்த கம்பெனிகளும் உண்டு. அப்படிப்பட்ட கட்டடத்தில் செவ்வாய்க்கிழமை 8:50-க்கு வரிசை கேட்டுக்கு வெளியே வந்துவிடும். நீங்கள் ஓடி வந்து மிச்சப்படுத்திய நான்கு நிமிடமும் அங்கேயே போய்விடும்.

ரயிலைப் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. டூட்டிங் பிராட்வே மார்டனிலிருந்து நான்காவது நிலையம். உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் உள்ளே ஏறிவிடலாம். கிளாபம் காமன், கிளாபம் நார்த் காரர்களைத்தான் நினைத்துப் பாவப்பட வேண்டும். ஒற்றைச் சுரங்கத்துக்குள் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ஒல்லியான பிளாட்ஃபாரத்தில் நின்று, வருகிற ரயிலையெல்லாம் வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஸ்டாக்வெல்லில் விக்டோரியா லைன் பிடிக்க ஒரு கூட்டம் இறங்கும். கதவோரத்தில் நிற்காமல் இருக்கைகளுக்கு நடுவே நகர்ந்து நின்றிருந்தால் அங்கே உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாம்பரம் ரயிலில் கற்றதை இங்கே பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: கென்னிங்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. 'பாங்க் வழி' என்று பலகையில் பார்த்து ஏறுங்கள். சேரிங் கிராஸ் வழி ரயில் வந்துவிட்டால் கென்னிங்டனிலேயே இறங்கி மாற வேண்டும். இந்த லைனில் ஏ.சி. கிடையாது. ஜனவரியிலும் உள்ளே வியர்க்கும். மேல் கோட்டு கழற்ற எளிதாக இருக்கட்டும்.

பாங்க் நிலையம் பழைய பாங்க் இல்லை. ஒரு காலத்தில் அங்கே நார்தர்ன் லைனில் இறங்கினால் கூட்டம் தள்ளுகிற பக்கம்தான் போக முடியும். தெற்கே போகும் ரயிலுக்குப் புதுச் சுரங்கமே தோண்டி, 2022-ல் நான்கு மாதம் லைனை மூடி அதை இணைத்தார்கள். பழைய தெற்குப் பிளாட்ஃபாரம் இருந்த சுரங்கத்தை நடக்கும் கூடமாக்கிவிட்டார்கள். நீங்கள் வடக்கே போகிறவர், அதாவது இறங்கியதும் அந்த அகலமான கூடத்துக்குள் வருவீர்கள். கேனன் தெருப் பக்கம் பளபளவென்று ஒரு புது வாசல் 2023-ல் திறந்தார்கள். எல்லாரும் போகிறார்களே என்று அதில் ஏறிவிடாதீர்கள். அது தெற்கே கொண்டுபோய் விடும், உங்களுக்கு வேண்டியது வடகிழக்கு. ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் உங்கள் எஸ்கலேட்டருக்கு நேரே இறங்கலாம் என்பது முதல் வாரத்திலேயே பெட்டி மாற்றி மாற்றி ஏறிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்கே இரண்டு நிமிடம் மிச்சம்.

மாலையில் அவசரமில்லாத நாளில் கிரேஸ்சர்ச் தெரு வழியாகத் தெற்கே நடந்து, லண்டன் பிரிட்ஜைக் கடந்து, லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். கால் மணி நேர நடை. இடப்பக்கம் டவர் பிரிட்ஜ். ஆற்றுக் காற்று. நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் இருந்தவருக்கு இது மருந்து மாதிரி. நான் பார்க்கும் வேலையில் இதை ஒரு பரிந்துரையாக அறிக்கையில் எழுத முடிவதில்லை என்பதுதான் வருத்தம். நார்தர்ன் லைன் முடங்கும் நாளுக்கு இன்னொரு வழியும் வைத்துக்கொள்ளுங்கள். டூட்டிங்கில் தேம்ஸ்லிங்க் ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. அரை மணிக்கு ஒரு வண்டிதான். ஆனால் பிளாக்ஃப்ரையர்ஸ் வரை நேரே போகும். அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட நடை.

கார் பேச்சை எடுக்கவே வேண்டாம். இந்த டவர்களை ஆயிரக்கணக்கான பேருக்குக் கட்டுகிறார்கள், சைக்கிளுக்கு நூற்றுக்கணக்கில் இடம் வைக்கிறார்கள், காருக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். காரில் நகர மையத்துக்குள் நுழைய நெரிசல் கட்டணம் வேறு.

இப்போது அந்த ஒன்பது மணிக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலை முறை கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை இங்கே சட்டப்படி உண்டு. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். மேல்முறையீடு உள்பட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதற்கும் சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று வேண்டும். பலர் இதை வீட்டிலிருந்து வேலை கேட்பதற்கான சட்டம் என்று நினைக்கிறார்கள். தொடங்கும் நேரத்தை மாற்றிக் கேட்பதும் இதற்குள் வரும். கேட்பது உரிமை, கிடைப்பது உரிமை அல்ல. அதனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

"எனக்குச் சிறு குழந்தை இருக்கிறது, கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். நாள்வாரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: கணவர் வீட்டில் இருக்கும் மூன்று நாளில் இரண்டு நாள் அவர் மகளைப் பள்ளியில் விடுகிறார். அந்த இரண்டு நாளும் நீங்கள் ஏழு மணிக்கு முன்பே கிளம்பி எட்டு மணிக்கு நாற்காலியில் இருப்பீர்கள், நான்கு மணிக்கு எழுந்துவிடுவீர்கள். மற்ற இரண்டு நாள் நீங்கள் மகளை விட்டுவிட்டுப் பத்து மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முடிப்பீர்கள். கூட்டங்களை எல்லாம் பத்துக்கும் நான்குக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கையில் ஒரு தீர்வோடு வருகிறவரை மறுப்பது மேலாளருக்குக் கொஞ்சம் சிரமம். பள்ளியில் காலை உணவு கிளப் இருந்தால் அதையும் விசாரித்துவையுங்கள், கணவருக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கு உதவும். நீங்கள் பத்து மணிக்குத் தொடங்கும் நாள்களில், மாலையில் மகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் பிந்திய கிளப்போ கணவரோ வேண்டும். அதை அவரிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். செப்டம்பரில் பேசினால் சண்டையாகிவிடும்.

வீட்டிலிருக்கும் ஒரு நாளாக எல்லாரும் வெள்ளிக்கிழமையைத்தான் கேட்பார்கள். நீங்கள் புதன்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ரயிலிலும் கூட்டம் குறைவு, லிஃப்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். வெள்ளியில் ஆளை வரவைக்க 2024 மார்ச்சிலிருந்து மே வரை அன்று முழுவதும் ரயிலில் குறைந்த கட்டணமே வாங்கிப் பார்த்தார்கள். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. காலியாக ஓடுகிறது என்றால் நாம் போய் உட்கார்ந்துகொள்வோமே.

காசு விஷயம் ஒன்று. மாதப் பாஸ் வாங்காதீர்கள். காண்டாக்ட்லெஸ் கார்டைத் தொட்டுப் போனால் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வார உச்சவரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். லீவு போட்ட வாரத்தில் அந்தப் பணம் கையில் நிற்கும். ஒரே கார்டைத் தொடுங்கள். ஒரு நாள் கார்டு, மறுநாள் போன் என்று மாற்றினால் இரண்டும் தனித்தனிக் கணக்காகிவிடும். ரயிலில் காலை 6:30-லிருந்து 9:30 வரை கூட்ட நேரத்துக்கான கூடுதல் கட்டணம். 9:30-க்குப் பிறகு கார்டைத் தொடும்படி உங்கள் நேரம் அமையாது, அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

உயரத்தைப் பற்றி. லண்டனில் கிரென்ஃபெல் என்ற குடியிருப்பு டவரில் நடந்த தீ விபத்து எல்லார் மனதிலும் இருக்கிறது, எனக்கும்தான். குடியிருப்புக் கட்டடத்தில் பெரும்பாலும் 'உங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்பது ஏற்பாடு. உயரமான அலுவலகங்களில் அப்படியில்லை. தீப்பிடித்த தளத்தையும் அதை ஒட்டிய தளங்களையும் முதலில் காலி செய்து, பிறகு அடுத்தடுத்து இறக்குவார்கள். மணி அடித்தும் உங்களை உடனே கிளம்பச் சொல்லாமல் இருக்கலாம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். முதல் வாரத்தில் உங்கள் தளத்தின் இரண்டு படிக்கட்டுகளும் எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒத்திகை நாளில் லீவு போடாதீர்கள். முழங்கால் வலியோ வேறு சிரமமோ இருந்தால், இறங்க உதவும் தனித் திட்டம் எழுதித் தரச் சொல்லி மனிதவளத் துறையிடம் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ஜன்னலோர இருக்கை வேண்டாம் என்றால் இப்போதே சொல்லி வையுங்கள். மற்றவர்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள், உங்களுக்கு உள்பக்கம் உடனே கிடைக்கும்.

ஆல்கேட் வீடு. உங்கள் கணவர் சொல்வது அன்பில் சொல்வதுதான். நடந்தே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடலாம், உண்மை. ஆனால் மகளுக்குப் பாதியில் பள்ளி மாற்ற வேண்டும், டூட்டிங்கில் பழகிய கோயிலும் கடைகளும் சிநேகிதிகளும் போகும், வாடகை உங்களை அழுத்தும். அதோடு இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் கம்பெனி க்ராய்டனை விட்டதற்கு ஒரு காரணம், பழைய அலுவலகங்கள் பலவற்றை இனி வாடகைக்கு விடுவதே கடினமாகி வருவதாக இருக்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து எரிசக்தித் தரம் 'ஈ'-க்கு (E) கீழே உள்ள கட்டடங்களை, விதிவிலக்குகள் தவிர, வாடகைக்கு விடக்கூடாது. இப்படி ஒரு காரணத்துக்காக இடம் மாறிய கம்பெனி இன்னொரு காரணத்துக்காக மறுபடியும் மாறும். லண்டனின் இன்னொரு டவர் பகுதியான கேனரி வார்ஃபுக்குப் போன பெரிய கம்பெனிகள் சில இப்போது சிட்டிக்கே திரும்புகின்றன. கம்பெனி போகும் இடமெல்லாம் குடும்பம் மூட்டை கட்ட முடியுமா?

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்பது என் துறைக்குள் வரவில்லை. ஆனால் வேலையை விடுவது என்ற முடிவை ஒரு ரயில் லைனை நினைத்து எடுக்க வேண்டாம்.

செப்டம்பர் வரை காத்திருக்காமல் ஒன்று செய்யுங்கள். பள்ளி நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போடுங்கள். மகளை விட்டுவிட்டு, அலுவலகம் போகிற மாதிரியே உடுத்தி, நான் மேலே எழுதிய பாதையில் போய், டவர் வாசல் வரை ஒவ்வோர் இடத்திலும் நேரத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத்தான் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அப்படிப் போகும்போது குடை எடுக்காதீர்கள். மேலே வீசும் காற்று டவரின் முகத்தில் மோதி அப்படியே கீழே வழிந்து தெருமுனையில் சுழலும். மழை நாளில் பிஷப்ஸ்கேட் குப்பைத்தொட்டிகளில் கம்பி உடைந்த குடைகளைப் பார்க்கலாம், என்னுடையதும் இரண்டு அங்கே போயிருக்கிறது. தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.